196 ஆண்டுகள் ஓடாத தேர்: கியோட்டோவின் தக்காயாமா தன் தெருவுக்குத் திரும்பிய விதம் (நிகழ்வு ஆய்வு)

ஜப்பானின் கியோட்டோ நகரில், 1826ஆம் ஆண்டு மழையில் நனைந்து பாழான தக்காயாமா என்னும் தேர் 2022 ஜூலை 24 அன்று மறுபடி ஓடியது. அதற்கு முன்பும் அதற்கு நடுவிலும் என்ன நடந்தது, எந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது, அதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதில் உழைத்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருக்காரர்கள், கைவினைஞர்கள், இசைக்குழுவில் சேர்ந்த இளைஞர்கள். யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

ஒரு சின்ன விளக்கம் முதலிலேயே. ஜப்பானில் தக்காயாமா என்று ஒரு ஊரும் உண்டு, அங்கேயும் புகழ்பெற்ற தேர்த் திருவிழா உண்டு. நான் சொல்வது அதுவல்ல. எழுத்தே வேறு. இந்தத் தக்காயாமாவுக்கு ‘வல்லூறு மலை’ என்று பொருள். கியோட்டோவில் ஒரே ஒரு தெருவுக்குச் சொந்தமான தேரின் பெயர் இது.

பின்னணி: தேரும் தெருவும்

இந்தத் தேர் ஓடுவது கியோட்டோவின் கியோன் திருவிழாவில். அதன் தொடக்கத்தை 869ஆம் ஆண்டில் வைக்கிறார்கள். கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் 66 மாகாணங்களுக்கும் கணக்காக 66 ஈட்டிக் கம்பங்களை நட்டு, நோயை உண்டாக்கும் ஆவிகளைத் தணிக்க வழிபாடு நடத்தினார்கள். ஈட்டிக்கு ஜப்பானியச் சொல் ‘ஹோக்கோ’. பின்னாளில் சக்கரம் வைத்த பெரிய தேர்களுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. உச்சியில் மலையைக் குறிக்கும் பைன் மரத்தை நட்ட தேர்கள் ‘யாமா’, அதாவது மலை. இரண்டையும் சேர்த்து யாமாஹோக்கோ என்பார்கள். இன்று 34 தேர்கள் ஓடுகின்றன: ஜூலை 17ஆம் தேதி முன்விழாவில் 23, ஜூலை 24ஆம் தேதி பின்விழாவில் 11.

திருவிழா யசாக்கா ஆலயத்தைச் சேர்ந்தது. ஆனால் தேர்கள் ஆலயத்துடையவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தெருவுடையது. செலவு, பழுது, கட்டுவது, பிரிப்பது, பத்திரமாக வைப்பது எல்லாம் அந்தத் தெருவின் பொறுப்பு. இதைப் புரிந்துகொள்ள 1533ஆம் ஆண்டு ஒன்று போதும். அந்த ஆண்டு ஷோகன் அரசு ஆலயச் சடங்குகளை நிறுத்தச் சொன்னது. நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும் முறையிட்டார்கள்: சடங்கு நடக்காவிட்டாலும் பரவாயில்லை, தேர்களை மட்டுமாவது ஓட்ட விடுங்கள் என்று. சாமியைவிடத் தேர் பெரிது என்று அவர்கள் நினைத்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தேர் தங்கள் கையில் இருக்கும் காரியம், அதைத் தாங்கள் விடக்கூடாது என்று நினைத்தார்கள். இந்த ஆய்வு முழுக்க அந்த நினைப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறோம்.

தக்காயாமா, சான்ஜோ வீதியில் இருக்கும் கொரோமோனோதானா என்னும் தெருவின் தேர். ‘உடைக் கடைத் தெரு’ என்று சொல்லலாம். துணி வியாபாரத்தால் வளர்ந்த இடம். 15ஆம் நூற்றாண்டின் ஓனின் போருக்கு முன்பே இந்தத் தேர் இருந்தது. பெரிய கூரையும் நான்கு சக்கரமும் உள்ள, வடம் பிடித்து இழுக்கும் வகை. இதில் மூன்று உருவங்கள். கையில் வல்லூறுடன் வேட்டைக்காரர். இவர் 9ஆம் நூற்றாண்டின் அரசவைப் பெருமகனும் கவிஞருமான அரிவாரா நோ யுக்கிஹிரா. பக்கத்தில் நாயைப் பிடித்தவர். மூன்றாமவர் முதுகில் பீப்பாயைச் சுமந்துகொண்டு, இலையில் கட்டிய சிமாக்கி என்னும் பண்டத்தைத் தின்பவர். பேரரசரின் வேட்டைப் பயணத்தில் ஓய்வாக ஒரு வாய் சாப்பிடும் வேலையாளையும் தெய்வ உருவங்களின் வரிசையில் உட்காரவைத்த தெரு அது. எனக்கு அந்த மூன்றாமவர்மேல்தான் பிரியம் அதிகம்.

நின்றுபோனது எப்படி

1826ஆம் ஆண்டு ஊர்வலத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. தேரைச் சுற்றிக் கட்டியிருந்த துணி அலங்காரங்கள் பாழாயின. அடுத்த ஆண்டு முதல் தேர் வரவில்லை.

துணி போனதற்காகத் தேரையே நிறுத்துவார்களா என்று தோன்றலாம். இந்தத் தேர்களின் துணி சாதாரணத் துணி இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்த ஓவியத் திரைகள், பாரசீகக் கம்பளங்கள், சீனப் பட்டு வேலைகள், இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன கம்பளங்களும் வண்ண அச்சுத் துணிகளும் இன்றும் கியோன் தேர்களில் தொங்குகின்றன. ஒரு தெரு பல தலைமுறையாகச் சேர்த்த சொத்து அது. அதைத் திரும்பச் செய்யப் பணம் திரட்டும்வரை ‘இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று விட்டிருப்பார்கள். இது என் ஊகம்தான், ஆனாலும் பொதுக் காரியங்கள் நிற்பது அநேகமாக இப்படித்தான். நிறுத்துவது என்று யாரும் கூடி முடிவெடுப்பதில்லை.

1864ஆம் ஆண்டில் அடுத்த அடி விழுந்தது. அரண்மனை வாயிலருகே நடந்த சண்டையில் மூண்ட தீ நகரத்தின் நடுப்பகுதியைத் தின்றது. பல தேர்கள் எரிந்தன. தக்காயாமாவின் மர உடலும் போனது. உருவங்களின் முக்கியப் பாகங்களையும் சில பொருள்களையும் மட்டும் காப்பாற்ற முடிந்தது.

இடைக்காலத்தில் காணப்பட்டது

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. தேர் இல்லை. ஆனாலும் திருவிழாவின்போது, ஊர்வலத்துக்கு முந்தைய மாலைகளில், அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மூன்று உருவங்களையும் எடுத்துவைத்து வழிபட்டார்கள். இதை ‘இமட்சுரி’ என்பார்கள். இருந்த இடத்திலேயே நடத்தும் விழா. ஓடாத தேர்களை ‘யசுமி யாமா’ என்றே சொல்கிறார்கள்; ஓய்வெடுக்கும் தேர் என்று பொருள். அழிந்த தேர் என்று சொல்லவில்லை.

ஓய்வெடுப்பதாகச் சொன்னால், திரும்பி வருவதற்கு இடம் விட்டுவைத்ததாக ஆகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, உருவத்தை எடுத்து, உடை உடுத்தி, விளக்கு ஏற்றி, மறுபடி மூடி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அப்புறம் இன்னொரு ஆள் வேண்டும். தேர் இல்லாத தெருவில் அந்தச் சங்கிலி அறுந்துவிடவில்லை. பிற்காலத்தில் நடந்த எல்லாமே இதன் மேல் கட்டியது.

அதற்குள் சுற்றுப்புறம் மாறிக்கொண்டே போனது. 1966இல் போக்குவரத்து நெருக்கடியையும் சுற்றுலாவையும் காரணம் காட்டி முன்விழா, பின்விழா ஊர்வலங்கள் இரண்டையும் ஜூலை 17க்கே சேர்த்துவிட்டார்கள். தக்காயாமா பின்விழாத் தேர். ஆக, தேர் ஓய்வில் இருந்தபோது அது ஓட வேண்டிய நாளே இல்லாமல் போனது. பட்டுத்துணி வியாபாரம் சுருங்கியது. பழைய மர வீடுகள் இடிந்து, அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. தேர் வைத்திருக்கும் தெருக்களில் சிலவற்றில் இரவு தங்கும் குடும்பம் என்று ஒன்றுகூட இல்லாத நிலை வந்தது. முன்பு வடம் பிடிக்கச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விவசாயிகள் வருவார்கள். இப்போது அந்த இடத்தில் மாணவர்களும் தன்னார்வலர்களும் நிற்கிறார்கள்.

முன்னுதாரணம்: கப்பல் தேர்

தக்காயாமாவின் கதையைத் தனியாகச் சொல்ல முடியாது. கப்பல் வடிவில் செய்த ஓஃபுனே ஹோக்கோ என்ற பெரிய தேரும் 1864 தீயில் போனதுதான். அந்தத் தெரு 1997இல் தன் இசைக்குழுவை மீண்டும் உருவாக்கியது. 2012இல், தேர் இல்லாமலே, புனிதப் பொருள் வைத்த மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். 2014இல், 150 ஆண்டுகளுக்குப் பிறகு, கப்பல் தேர் ஓடியது. அதே ஆண்டில் 48 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த விழாவையும் பிரித்து, பின்விழாவை ஜூலை 24க்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

முதலில் இசை, அடுத்து நடை, கடைசியில் மரம். இந்த வரிசையைத் தக்காயாமா தெருவும் எடுத்துக்கொண்டது. கண்ணெதிரே ஒரு தெரு செய்துகாட்டியதைப் பார்த்தபின் ‘நம்மால் ஆகுமா’ என்ற கேள்வி ‘எப்போது’ என்று மாறிவிடுகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பேச்சு தொடங்கியது 2010களின் தொடக்கத்தில், தேரின் பழைய வரலாற்றையும் வருங்காலத்தையும் பற்றிய கூட்டங்களாக. அதன்பின் எடுத்த முடிவுகளில் நான்கு முக்கியமாகப் படுகின்றன.

ஒன்று, மரம் வாங்குவதற்கு முன் இசைக்குழு. 2014இல் தக்காயாமாவின் ‘ஹயாஷி’ குழு உருவானது. புல்லாங்குழல், மேளம், ‘கானே’ என்னும் வெண்கலத் தட்டு மணி, இந்த மூன்றும் சேர்ந்த இசை இது. கியோட்டோக்காரர்கள் ‘கோன் சிக்கி சின்’ என்று அந்த ஒலியை வாயால் சொல்லிக்காட்டுவார்கள். பக்கத்துத் தேர்த் தெருவின் கலைஞர்கள் கற்றுக்கொடுத்து உதவினார்கள். பொதுவாகச் சிறுவர்கள் கானேயில் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்துத்தான் குழலுக்கோ மேளத்துக்கோ போவார்கள். தேரைக் கட்ட ஓரிரு ஆண்டு போதும். வாசிக்கிற ஆளை உருவாக்க அது போதாது. காலம் அதிகம் பிடிக்கும் வேலையை முதலில் தொடங்கியது சரியான கணக்கு. இன்னொரு பயனும் உண்டு. பயிற்சிக்காக வாராவாரம் கூடுகிற முப்பது நாற்பது பேர் இருந்துவிட்டால், அப்புறம் ‘தேர் எங்கே’ என்று கேட்கிற முப்பது நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டு, சட்டப்படியான அமைப்பு. 2015இல் தேரைப் பேணும் தெருக்காரர்களின் சபை ஓர் அறக்கட்டளையாகப் பதிவானது. தெருவில் வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் சுமக்கிற காரியமாக இருந்தது, வெளியாட்களும் நன்கொடை தந்து, பொறுப்பேற்று, கணக்குக் கேட்கிற காரியமாக மாறியது. கியோன் தேர்களில் 29, முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக 1962இல் அரசால் அறிவிக்கப்பட்டவை. எரிந்துபோய் இல்லாத தேருக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆகவே பணத்தைப் பெரும்பாலும் தாங்களேதான் தேட வேண்டியிருந்தது.

மூன்று, தேரின் வடிவத்தை ஆராய்ச்சியால் தீர்மானிப்பது. பழைய படங்கள், எழுத்துப் பதிவுகள், மற்ற தேர்களின் கட்டுமானம் மூன்றையும் ஒப்பிட்டு, வல்லுநர்கள் துணையோடு வரைபடம் தயாரித்தார்கள். கற்பனையில் அழகாக ஒன்று செய்துவிடலாம் என்று போகவில்லை. மற்ற தேர்த் தெருக்கள் தாங்கள் மாற்றிவிட்ட பழைய பாகங்களைக் கொடுத்து உதவின. இது பணத்தைச் சேமித்தது என்பது ஒரு பக்கம். பல ஆண்டு ஓடி உரம் ஏறிய மரம் புதிய தேருக்குள் வந்து சேர்ந்தது என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

நான்கு, முழுமைக்காகக் காத்திருக்காமை. தேர் நின்று 200 ஆண்டு நிறையும் 2026ஐ முதலில் இலக்காக வைத்திருந்தார்கள். பிறகு அதை 2022க்கு முன்னே கொண்டுவந்தார்கள். வண்ணப்பூச்சு, உலோக வேலை, எல்லா அலங்காரத் துணிகளும் முடிந்தபிறகுதான் ஓட்டுவது என்று வைத்திருந்தால் இன்னும் எத்தனையோ ஆண்டு போயிருக்கும். மரத்தின் இயல்பான நிறத்திலேயே ஓட்டலாம், மீதியை வரும் ஆண்டுகளில் சேர்க்கலாம் என்று துணிந்தார்கள். 1826இல் துணி போனதால் நின்ற தேர், 2022இல் பூச்சு இல்லாமலே ஓடியது. அந்த முன்னோர்களுக்கும் யாராவது ‘அரைகுறையாகவே ஓட்டுவோம்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2019: பெட்டியோடு ஒரு நடை

2019 பின்விழாவில், 193 ஆண்டுகளுக்குப் பிறகு, தக்காயாமா ஊர்வலத்தில் சேர்ந்தது. தேர் இல்லை. சடங்கு உடை உடுத்திய தெருக்காரர்கள் மரப்பெட்டியைச் சுமந்து நடந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இதில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ஊர்வலத்தில் ஓர் இடம் அவர்களுக்கென்று திறந்தது. மற்ற தெருக்களுக்கு முன்னால் ‘வருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்ததும் ஆயிற்று.

2020, 2021: ஊரே நின்றபோது

கொள்ளைநோயைத் தணிக்கத் தொடங்கிய விழாவின் தேர் ஊர்வலம், கொரோனாவால் இரண்டு ஆண்டு ரத்தானது. 2020இல் தேர் கட்டும் வேலையும் நடக்கவில்லை. தெருப் பிரதிநிதிகள் சடங்கு உடையில், கையில் புனித சக்காக்கிக் கிளையுடன், நடந்துபோய் வழிபட்டார்கள்.

2021இல் ஊர்வலம் இல்லை என்று தெரிந்தும் சில தெருக்கள் தேரைக் கட்டின. காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள்: இன்னொரு ஆண்டும் கட்டாவிட்டால் கை மறந்துவிடும். இந்த முடிவைப் புரிந்துகொள்ள, கட்டுகிற முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

தேரின் சட்டம் ஆணி இல்லாமல் நிற்கிறது. மரத் துண்டுகளைப் பொருத்தி, வைக்கோல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு பெரிய தேருக்குக் கயிறு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றையும் இழுத்து, மரச் சுத்தியால் தட்டி நெருக்கி, அடுத்த சுற்று. கடைசியில் குறுக்காக வரிந்து முடிச்சுப் போடும்போது, கயிற்றின் அமைப்பு பட்டாம்பூச்சி இறக்கைபோல் விரிகிறது. அதற்கு ஆண் பட்டாம்பூச்சி, பெண் பட்டாம்பூச்சி என்று பெயரே உண்டு. இது அலங்காரத்துக்காக மட்டும் செய்வதில்லை. பெரிய தேர்கள் 12 டன் அளவுக்குக் கனக்கும். திருப்பத்தில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது ஆணியாக இருந்தால் மரம் பிளந்துவிடும். கயிறு கொஞ்சம் இளகிக் கொடுத்து, மறுபடி பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கட்டுகிறவரின் உள்ளங்கைக்குத்தான் தெரியும். அதை எந்த வரைபடத்திலும் எழுதிவைக்க முடியாது.

தக்காயாமாவுக்கு இந்த இரண்டு ஆண்டும் ஒருவகையில் சோதனை. 2022 என்று நாள் குறித்தாயிற்று, ஆனால் அந்த ஆண்டு ஊர்வலமே இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நாளை மாற்றாமல் வேலையைத் தொடர்ந்தார்கள்.

2022 ஜூலை: ஓடிய நாள்

மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஊர்வலம் திரும்பியது. ஜூலை 20 அன்று முன்னோட்ட இழுப்பு. ‘ஹிக்கிசோமே’ என்னும் இந்த நாளில் தெருக்காரர்கள் என்றில்லை, வந்திருக்கிற பெண்கள், குழந்தைகள், வழிப்போக்கர் யாரும் வடம் பிடிக்கலாம். ஊர்வல நாளில் இது முடியாது.

ஜூலை 24 காலை பின்விழா ஊர்வலம் கராசுமா ஓயிக்கே சந்திப்பிலிருந்து புறப்பட்டது. தக்காயாமா கடைசிக்கு முன்னால். அதன் பின்னே கப்பல் தேர். சீட்டுக் குலுக்கி வரிசை போடும் வழக்கத்திலிருந்து இந்தத் தேருக்குப் பழங்காலத்திலேயே விலக்கு உண்டு. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு காலியாக இருந்த அதே இடத்தில் வந்து நின்றது.

முதல் பெரிய சோதனை கவாராமாச்சி சந்திப்பில். இந்தத் தேர்களின் அச்சு திரும்பாது. சக்கரம் நேராகத்தான் போகும். நேர் வழியில் சிறிய கோணல்களைச் சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகிச் சரிசெய்வார்கள். நம் ஊரில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்த யாருக்கும் அந்த வேலையின் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டாம். தொண்ணூறு பாகை திரும்புவதற்கு வேறு வழி. பிளந்த மூங்கில் பட்டைகளைச் சாலையில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றுகிறார்கள். வடத்தைப் பக்கவாட்டில் கட்டுகிறார்கள். தேரின் முகப்பில் நிற்பவர்கள் விசிறியை நீட்டிக் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க, சக்கரம் மூங்கிலில் வழுக்கி முப்பது பாகை திரும்புகிறது. மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர், மறுபடி குரல். இதற்குப் பெயர் ‘சுஜி மவாஷி’, முனை திருப்புதல். கூரைமேல் ஆட்கள் இருக்கிறார்கள். மின்கம்பியும் விளக்குக் கம்பமும் இடிக்காமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. ஒருவர் அவசரப்பட்டாலும் சக்கரம் மூங்கிலைவிட்டு நழுவும்.

196 ஆண்டு பழக்கம் இல்லாத ஒரு தெருவின் தேர் அந்த முனையில் திரும்பியது. அப்போது நிஜமாகவே திரும்பிவிட்டது என்று சொல்லலாம். ஊர்வலம் முடிந்து தெருவுக்கு வந்ததும் தேரைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கினார்கள். இது எல்லாத் தேருக்கும் உள்ள வழக்கம். ஊர்வலத்தில் தேர் இழுத்துச் சேர்த்த தீமையை நகரத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது நம்பிக்கை.

விளைவும் மீதிக் கவலையும்

நடந்ததை வெற்றி என்று தயங்காமல் சொல்லலாம். 34ஆவது தேர் வந்துவிட்டது, பின்விழாவுக்கு இன்னும் உடல் கூடியது, இளைய இசைக்கலைஞர்களுக்குத் தேரின்மேல் ஏறி வாசிக்க ஒரு மேடை கிடைத்தது.

ஆனால் தேர் வந்ததும் வேலை முடியவில்லை, ஆண்டுதோறும் வரும் வேலை தொடங்கியிருக்கிறது. கட்ட ஆள், இழுக்க ஆள், வைக்க இடம், பழுதுக்குப் பணம். ஜூலைக் கடைசியின் வெயிலும் கூடிக்கொண்டே போகிறது. 2018இல் ஜூலை 24ஆம் தேதி நடக்க வேண்டிய பூக்குடை ஊர்வலத்தை வெயிலுக்குப் பயந்து ரத்து செய்ததை மறக்க முடியாது.

பொருள்களின் பக்கம் பார்த்தால் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நெல்லை அறுவடை எந்திரம் அறுக்கும்போது வைக்கோலைத் துண்டாக்கிவிடுகிறது. கயிறு திரிக்க நீள வைக்கோல் வேண்டும். திருவிழாவில் வீட்டு வாசலில் மாட்டும் காப்பாகத் தரும் சிமாக்கியை (இது தின்பதற்கல்ல) ஒருவகைச் சிறுமூங்கிலின் இலையில் கட்டுவார்கள். கியோட்டோவின் வடக்கு மலைகளில் அந்த மூங்கில் 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒட்டுமொத்தமாகப் பூத்துப் பட்டுப்போனது. முளைத்து வந்த கன்றுகளை மான்கள் மேய்ந்துவிட்டன. வேலி போட்டுக் காப்பாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு தேரைக் காப்பாற்றுவது மலையில் மானுக்கு வேலி போடுவதில் வந்து நிற்கும் என்று தொடக்கத்தில் யார் நினைத்திருப்பார்கள்?

அடுத்து செய்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது

தேர் நின்ற 1827க்கும் தீப்பிடித்த 1864க்கும் நடுவில் 37 ஆண்டு இருந்தது. பாகங்கள் கையில் இருந்த காலம் அது. அப்போதே ஒவ்வொரு மரத்தின் நீள அகலத்தையும், எது எதோடு சேரும் என்பதையும் முழுமையாக எழுதி, வேறு இடத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால், 21ஆம் நூற்றாண்டில் இத்தனை ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. நின்றுபோன எந்தத் தேரையும், எந்தப் பல்லக்கையும் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அளவெடுத்துவிட வேண்டும். ஓட்டும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம்.

1966இல் விழாக்களைச் சேர்த்ததையும் நான் தவறாகவே பார்க்கிறேன். போக்குவரத்துக்கு வசதி கிடைத்தது உண்மை. ஆனால் ஜூலை 17 மாலை ஆலயத்திலிருந்து பல்லக்குகள் நகரத்துக்குள் வருவதற்கும் 24ஆம் தேதி திரும்பிப்போவதற்கும் முன்னால் தெருவைத் தூய்மையாக்கத்தான் அந்தந்த ஊர்வலம். பல்லக்கு திரும்பும் நாளில் தேர் இல்லாமல் 48 ஆண்டு போனது. நாளை மாற்றும்போது அந்த நாளுக்கான காரணத்தையும் கூடவே எழுதிவைக்காவிட்டால், திருப்பிக் கொண்டுவர ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருக்கிறது.

ஆட்கள் விஷயத்தில் தெருவின் எல்லையைத் திறந்தது சரி. அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்தவர்களையும் வேலைக்காக மட்டும் வந்துபோகிறவர்களையும் உள்ளே சேர்க்காத தெருக்கள் தளர்ந்துபோகும். அதே நேரத்தில் கயிறு கட்டும் கையும் முனை திருப்பும் கண்ணும் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இருக்கக் கூடாது. 2021இல் சில தெருக்கள் ஓட்டாத தேரைக் கட்டியதைப்போல, பயிற்சிக்காகவே கட்டிப் பிரிக்கும் வழக்கம் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

தக்காயாமா வந்தபிறகு ஓய்வில் இருக்கும் தேர் இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது: ஹோத்தே யாமா. 18ஆம் நூற்றாண்டிலேயே ஓடுவதை நிறுத்தியது. 1788 பெருந்தீயில் தேர் போனாலும், தொப்பை வயிற்றோடு சிரித்துக்கொண்டிருக்கும் ஹோத்தேயின் உருவமும் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிறுவர்களின் உருவமும் தப்பின. திருவிழா வரும்போது அந்தத் தெருவில் அவர்களை எடுத்து வெளியே வைக்கிறார்கள்.